59 சென்ட் டூத்பேஸ்ட்

பனாமா என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கால்வாய். அப்புறம், துரைமார்கள் தலையில் வைத்துக்கொள்ளும் அந்த வெள்ளைத் தொப்பி. ஆனால் பனாமா தொப்பியைப் பரம்பரை பரம்பரையாக முடைகிறவர்கள் ஈக்வடார்காரர்கள். பனாமா வழியாகப் போய் ஊர் உலகமெல்லாம் விற்றதால், நடுவழியில் இருந்த ஊரின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. செய்தவன் ஒருவன், பெயர் இன்னொருவனுக்கு. சரக்கு கைமாறிக் கைமாறிப் போகும்போது இப்படியெல்லாம் நடக்கும். தொப்பி என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம்.

வாயில் போடுகிற சமாசாரம் என்றால்?

2007, மே மாதம். ஒரு சனிக்கிழமை காலை. பனாமா சிட்டியில் ஒரு மலிவு விலைக் கடை. உள்ளே நுழைந்தவர் ஒரு சாதாரண அரசாங்க ஊழியர். டாக்டர் இல்லை, விஞ்ஞானி இல்லை. ஒரு டூத்பேஸ்ட் ட்யூபை எடுத்துப் பார்க்கிறார். விலை 59 சென்ட். அன்றைய கணக்கில் நம் காசுக்கு இருபத்து நான்கு ரூபாய். சீனச் சரக்கு. விலையைப் பார்த்ததும் கூடையில் போட்டுக்கொண்டு போவதுதான் உலக வழக்கம். இவர், யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். ட்யூபின் மேலே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார்.

அதில் ஒரு பெயர் இருந்தது. டைஎத்திலீன் கிளைக்கால்.

வேறு நாட்டுக்காரராக இருந்திருந்தால் வாய்க்குள் நுழையாத பெயர் என்று விட்டிருப்பார். பனாமாக்காரர் விட மாட்டார். ஏனென்றால், அதற்கு ஏழெட்டு மாதம் முன்புதான் அந்த நாடு அந்தப் பெயரைக் கண்ணீரோடு கற்றுக்கொண்டிருந்தது.

2006 செப்டம்பரில் பனாமா சிட்டியின் அரசு மருத்துவமனைக்கு விநோதமான நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். முதலில் வயிற்று வலி, வாந்தி. அப்புறம் சிறுநீர் நின்றுவிடும். அடுத்து கை கால் விளங்காமல் போகும், முகம் இழுத்துக்கொள்ளும், மூச்சு திணறும். அட்மிட் ஆகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் திரும்பவில்லை. என்ன நோய்? புது வைரஸா? டாக்டர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ரத்த அழுத்த மாத்திரை ஒன்றின் மீது சந்தேகம் விழுந்தது. பல நோயாளிகள் அதைச் சாப்பிட்டிருந்தார்கள். ஆனால் குற்றவாளி மாத்திரை இல்லை. அந்த மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். இருமலுக்கு என்ன தருவார்கள்? சிரப். சர்க்கரை இல்லாத சிரப். அரசின் சமூகப் பாதுகாப்புத் துறை, தன் சொந்த ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்துக் கொடுத்தது.

அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையத்துக்கு மாதிரிகள் பறந்தன. அக்டோபரில் விடை வந்தது. சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால். அதற்குள் 2,60,000 மருந்து பாட்டில்களில் அது கலந்தாகிவிட்டது. உறுதி செய்யப்பட்ட சாவுகள் மட்டும் நூற்றுக்கும் மேலே. உறுதி செய்ய முடியாமல் மண்ணுக்குள் போனவர்கள் தனி.

இந்தத் திரவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நிறம் இல்லை. வாசனை கிட்டத்தட்ட இல்லை. கொழகொழவென்று இருக்கும். நாக்கில் வைத்தால் இனிக்கும். தொழிற்சாலைகளில் கரைப்பானாக, பிரேக் ஆயிலில், எஞ்சின் குளிரில் உறைந்துவிடாமல் இருக்க ஊற்றும் திரவத்தில் என்று அதற்கு ஆயிரம் உபயோகம். அதெல்லாம் நியாயமான உபயோகம்தான். தொந்தரவு என்னவென்றால், கிளிசரினும் இதே போலத்தான் இருக்கும். நிறமில்லை, கொழகொழப்பு, இனிப்பு. இருமல் மருந்து, பேஸ்ட், க்ரீம் எல்லாவற்றிலும் கிளிசரின் உண்டு. டூத்பேஸ்ட் மூடியைத் திறந்து வைத்தாலும் காய்ந்து கல்லாகிவிடாமல் இருக்கிறதே, இந்த மாதிரிப் பொருள் உள்ளே இருப்பதால்தான். கண்ணால் பார்த்து எது கிளிசரின், எது விஷம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே ஒரு வித்தியாசம். விஷம் விலை குறைவு. உடம்புக்குள் போனால் கல்லீரல் அதை அமிலமாக மாற்றும். அந்த அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும்.

சரி, பனாமா அரசாங்கம் கிளிசரின் வாங்கியதா, இதை வாங்கியதா? கிளிசரின்தான் வாங்கியது. காகிதத்தில்.

'நியூயார்க் டைம்ஸ்' நிருபர்கள் வால்ட் போக்டானிச்சும் ஜேக் ஹூக்கரும் அந்தப் பீப்பாய்கள் வந்த தடத்திலேயே பின்னோக்கி நடந்து போனார்கள். இதற்காக 2008-ல் புலிட்சர் பரிசும் வாங்கினார்கள். அவர்கள் கண்டுபிடித்த கதையைக் கேளுங்கள்.

மொத்தம் 46 பீப்பாய்கள். புறப்பட்ட இடம் சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் ஒரு தொழிற்சாலை. மருந்துப் பொருள் விற்க லைசென்ஸே இல்லாத இடம். சரக்கின் பெயர் 'டிடி கிளிசரின்'. அந்த 'டிடி'க்கு சீன மொழியில் 'மாற்று' என்று அர்த்தமாம். அதாவது கிளிசரினுக்குப் பதிலாக உபயோகிக்கிற ஒரு சரக்கு. தயாரித்தவன் ஒரு வகையில் உண்மையைத்தான் எழுதியிருக்கிறான்! ஆனால் கூடவே வந்த சான்றிதழ் 99.5 சதவிகிதம் சுத்தமான கிளிசரின் என்றது.

அங்கிருந்து பெய்ஜிங்கில் ஓர் அரசாங்க வணிக நிறுவனம். அவர்கள் பீப்பாயைத் திறக்கவில்லை. சான்றிதழை மட்டும் திருத்தினார்கள். தொழிற்சாலையின் பெயரை எடுத்துவிட்டுத் தங்கள் பெயரைப் போட்டார்கள். அடுத்து ஸ்பெயின், பார்சிலோனாவில் ஒரு கம்பெனி. அவர்களும் திறக்கவில்லை. அவர்களும் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். கடைசியில் பனாமாவில் இறக்குமதி செய்தவர். இவரும் பரிசோதிக்கவில்லை. சரக்கு விற்காமல் கிடந்து காலாவதி ஆனதும் தேதியைத் தள்ளிப் போட்டார். பெயர்களும் தேதியும் மாறின. அந்த 99.5 மட்டும் பத்திரமாகப் பனாமா போய்ச் சேர்ந்தது.

ஏன் பெயரை மாற்ற வேண்டும்? இதில் பெரிய சதி ஒன்றும் இல்லை. வியாபாரம் செய்கிற எவரையும் கேளுங்கள், சொல்வார். வாங்குகிறவனுக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால், அடுத்த தடவை நம்மைத் தாண்டி நேரே அங்கே போய்விடுவான். நம் கமிஷன் போச்சு. அதனால் இடைத்தரகர் முதலில் மறைப்பது சரக்கின் பிறந்த ஊரைத்தான். இந்தச் சின்ன வியாபார தந்திரம்தான் நூறு பேரைக் கொன்ற சங்கிலியின் முக்கியமான கண்ணி என்பது என் அபிப்பிராயம். விஷம் வைத்தவன் கூட ஒருவன்தான். காகிதத்தை மாற்றியவர்கள் வரிசையாக நின்றார்கள். அவரவர் அளவில் எல்லோரும் மரியாதைப்பட்ட வியாபாரிகள்.

இது பனாமாவில் ஆரம்பித்த கதையும் இல்லை. 1937-ல் அமெரிக்காவில் ஒரு மருந்து கம்பெனி, சல்ஃபா மருந்தைக் குழந்தைகளும் குடிக்கிற மாதிரி திரவமாகக் கொடுக்க ஆசைப்பட்டது. எதில் கரைத்தார்கள்? இதே டைஎத்திலீன் கிளைக்காலில். ராஸ்பெர்ரி வாசனை வேறு. 105 பேர் செத்துப்போனார்கள். மருந்தை விற்கும் முன் விஷமா என்று பார்க்க வேண்டும் என்று அன்று அமெரிக்காவில் சட்டமே கிடையாது! அப்படியானால் அதிகாரிகள் அதை எப்படிப் பறிமுதல் செய்தார்கள்? பாட்டிலின் மீது 'எலிக்ஸிர்' என்று போட்டிருந்தார்கள். எலிக்ஸிர் என்றால் ஆல்கஹால் இருக்க வேண்டும். இதில் இல்லை. ஆகவே லேபிளில் பொய் சொன்ன குற்றம். நூறு பேரைக் கொன்றதற்கு அல்ல, பெயரைத் தப்பாகப் போட்டதற்கு! அந்த அவமானத்தில்தான் 1938-ல் உணவு, மருந்து, அழகுசாதனப் பொருட்களுக்கான புதுச் சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார்.

அமெரிக்கா கற்ற பாடம் அமெரிக்காவுக்கு. மற்றவர்கள் தங்கள் பிணங்களை வைத்துத் தனித்தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 1972-ல் நம் சென்னையில், எழும்பூரில் 14 குழந்தைகள். 1986-ல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 14 நோயாளிகள். அதற்கு நீதிபதி லென்டின் தலைமையில் கமிஷன் எல்லாம் போட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் வங்கதேசத்தில் நூற்றுக்கணக்கான குழந்தைகள். 1995-96-ல் ஹைட்டியில் எண்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். ஹைட்டியிலும் சீனத்து 'கிளிசரின்', ஜெர்மனி, ஹாலந்து கம்பெனிகளின் கை வழியாக. அங்கேயும் பீப்பாய் மூடியபடியே பயணம் செய்தது. பத்து வருஷம் கழித்து பனாமாவில் நடந்தது, அதன் மறு ஒளிபரப்பு.

இப்போது நம் சனிக்கிழமை மனிதரிடம் வருவோம். அவர் கையில் இருந்த ட்யூபில் ஒளிவு மறைவே இல்லை. சிரப் கதையில் பெயரை மறைத்தார்கள். டூத்பேஸ்ட்டிலோ அதைப் பகிரங்கமாக லேபிளில் அச்சடித்தே விற்றிருக்கிறார்கள். அந்த ட்யூபை எத்தனை கஸ்டம்ஸ் அதிகாரிகள், எத்தனை இன்ஸ்பெக்டர்கள் பார்த்திருப்பார்கள்! ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அவர் ஒரு ட்யூபை விலை கொடுத்து வாங்கினார். திங்கட்கிழமை வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு சுகாதாரத் துறைக்கு எடுத்துக்கொண்டு போனார். இங்கே இல்லை, அங்கே போங்கள் என்றார்கள். அங்கே போனால் இன்னோர் இடம். அரசாங்க ஊழியருக்கே இந்தக் கதி! மனிதர் சளைக்கவில்லை. கடைசியில் ஓர் அதிகாரி பாரத்தை நீட்ட, பூர்த்தி செய்து கொடுத்துவிட்டு வந்தார்.

அவ்வளவுதான், தீ பற்றிக்கொண்டது. பனாமா எச்சரிக்கை விட்டது. டொமினிகன் குடியரசு தேடியது, கிடைத்தது. குழந்தைகளுக்கென்றே பபுள்கம் வாசனை, ஸ்ட்ராபெர்ரி வாசனையில் கூட இருந்தது. ஜூன் 1-ம் தேதி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சீன டூத்பேஸ்ட்டையே உபயோகிக்காதீர்கள் என்று அறிவித்தது. தேடத் தேட, 34 நாடுகளில் அது விற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. போலி கோல்கேட் கூட மாட்டியது. 'மேட் இன் சவுத் ஆப்பிரிக்கா' என்று போட்டிருந்தான், அதிலும் ஆப்பிரிக்காவுக்கு எழுத்துப் பிழை!

அமெரிக்காவில் மட்டும் சுமார் 9 லட்சம் ட்யூப்கள். அவை யாருடைய பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தன என்பதுதான் என்னை உறுத்துகிற விஷயம். மலிவு விலைக் கடைகளுக்கு வருகிறவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஜார்ஜியா மாநிலத்தின் சிறைகள், சிறுவர் காப்பகங்கள். வட கரோலினாவில் அரசு மருத்துவமனைகள். டெண்டரில் குறைந்த விலை கேட்டவனுக்கு ஆர்டர். கைதி எந்தக் கடைக்குப் போய் பிராண்டு பார்த்து வாங்குவான்? பனாமாவில் சிரப் குடித்த பென்ஷன்காரர்களும் இதே ஜாதிதான். கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள். இந்த ரகச் சரக்கு கடைசியில் வந்து சேர்வது எப்போதும் கேள்வி கேட்க வழியில்லாதவனிடம்தான்.

டூத்பேஸ்ட்டால் யாராவது செத்தார்களா? அப்படித் தகவல் இல்லை. மூன்று நான்கு சதவிகிதம் கலந்திருந்தார்கள். பேஸ்ட்டை நாம் துப்பிவிடுகிறோம். சீன அதிகாரிகள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 15.6 சதவிகிதம் வரை இருந்தால் கூட ஆபத்தில்லை, எங்களிடம் ஆராய்ச்சி இருக்கிறது என்று வாதாடினார்கள். துப்பத் தெரியாமல் ஸ்ட்ராபெர்ரி பேஸ்ட்டை விழுங்குகிற மூன்று வயசுக் குழந்தையை அந்தக் கணக்கில் எங்கே வைத்தார்களோ! பேச்சு ரொம்ப நாள் நிற்கவில்லை. 2007 ஜூலை 10-ம் தேதி, சீன உணவு மருந்துத் துறையின் முன்னாள் தலைவர் ஷெங் சியாவ்யூவுக்கு மரண தண்டனையே நிறைவேற்றினார்கள். அவர் மீதான வழக்கு லஞ்சம் வாங்கிக்கொண்டு மருந்துகளுக்கு அனுமதி கொடுத்தது, டூத்பேஸ்ட் இல்லை. ஆனால் மறுநாளே, ஜூலை 11-ம் தேதி, டூத்பேஸ்ட்டில் டைஎத்திலீன் கிளைக்கால் கூடாது என்று சீனா தடை போட்டது.

அதே ஆகஸ்டில் பொம்மைகள் பிடிபட்டன. மேட்டல் கம்பெனி ஈயம் கலந்த பெயின்ட் அடித்த பொம்மைகளை லட்சக்கணக்கில் திரும்ப வாங்கிக்கொண்டது. அவற்றைச் செய்த சீனத் தொழிற்சாலையின் முதலாளி தூக்கில் தொங்கினார். பெயின்ட் சப்ளை செய்தது அவருடைய நண்பரின் கம்பெனியாம், சீனப் பத்திரிகைகள் எழுதின. நண்பன் கொடுத்த டப்பாவை யார் சோதித்துப் பார்ப்பார்கள்? ஆனால் அந்தக் கூச்சலில் அமுங்கிப்போன ஒரு சேதி உண்டு. அடுத்த சில நாட்களில் மேட்டல் திரும்ப வாங்கிய பொம்மைகளில் மிகப் பெரும்பாலானவை காந்தம் கழன்று விழுகிற ரகம். குழந்தை விழுங்கினால் குடல் கிழியும். அது சீனாக்காரன் தப்பு இல்லை, அமெரிக்காவில் போட்ட டிசைனிலேயே கோளாறு. செப்டம்பரில் மேட்டலின் பெரிய அதிகாரி ஒருவர் பெய்ஜிங் போய் மன்னிப்பே கேட்டார். 'சீனச் சரக்கு' என்று ஒரே வார்த்தையில் கதையை முடிக்கிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

2008-ல் அமெரிக்கா சட்டத்தை இறுக்கியது. குழந்தைகள் பொருள் என்றால், தயாரித்தவன் சொல்லுக்கு மேல், மூன்றாம் நபர் ஆய்வுக்கூடத்தின் சோதனையும் வேண்டும். 2009 ஜனவரியில் இந்தியா சீனப் பொம்மைகளுக்கு ஆறு மாதத் தடை போட்டது. இரண்டே மாதத்தில், தரச் சான்றிதழ் இருந்தால் வரலாம் என்று தளர்த்தியது. பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பது 2021 ஜனவரி 1-ம் தேதி முதல்தான் நடைமுறைக்கு வந்தது.

அப்படியானால் அந்தக் கொழகொழ இனிப்புத் திரவம்? அது ஓயவில்லை. 2022-ல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தார்கள். சிரப் எங்கிருந்து இறக்குமதி ஆனது என்று பார்த்தால், சீனா இல்லை. ஹரியானா. உலக சுகாதார நிறுவனம் சோதித்ததில் அதே விஷம். அடுத்து உஸ்பெகிஸ்தான், அது நொய்டா சரக்கு. காம்பியா விஷயத்தில் எங்கள் ஆய்வகத்தில் பார்த்த மாதிரிகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன என்று இந்திய அரசு பதில் சொன்னது. 2007-ல் சீனா நின்ற அதே இடத்தில், அதே மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நாம். உலகத்தின் மருந்துக்கடை என்று நம்மை நாமே மெச்சிக்கொள்கிறவர்கள், இந்தக் காட்சியை மறக்காமல் இருப்பது நல்லது.

வெளிநாட்டில் பெயர் கெடுகிறது என்றதும் அரசாங்கம் சுறுசுறுப்பானது. 2023 ஜூன் 1 முதல், ஏற்றுமதியாகும் இருமல் மருந்து எதுவாக இருந்தாலும், அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதித்துச் சான்றிதழ் பெற்ற பிறகே கப்பல் ஏற வேண்டும். நல்ல உத்தரவு. ஆனால் கவனித்தீர்களா? ஏற்றுமதிக்கு. ஆப்பிரிக்கக் குழந்தைக்குப் போகிற பாட்டிலுக்கு இந்தக் காவல். உள்ளூர்க் குழந்தைக்குப் போகிற பாட்டிலுக்கு அந்த உத்தரவில் இடமில்லை.

2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், சளி இருமலுக்கு சிரப் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுபோனது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில். மருந்துத் தரமில்லாத கரைப்பானை பில் இல்லாமல் வாங்கி, சோதிக்காமலேயே கலந்திருக்கிறார்கள் என்று ஆய்வுக்குப் போன அதிகாரிகள் எழுதினார்கள். மே மாதம் தயாரான சரக்கு. அக்டோபர் 1-ம் தேதி மத்தியப் பிரதேசத்திலிருந்து தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தகவல் வந்தது. ஆயுத பூஜை விடுமுறை. விடுமுறை என்றும் பாராமல் அதிகாரிகள் தொழிற்சாலைக்குப் போய் மாதிரி எடுத்து, சென்னை ஆய்வகத்தில் கொடுத்தார்கள். சிரப்பில் 48.6 சதவிகிதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்று மறுநாளே முடிவு வந்துவிட்டது.